பக்கெட்டா, பொக்கேயா: பட்ரீஷியா ரூட்லெட்ஜ் திடீரென்று வந்தவரா?

கேள்வி இதுதான்: "பிபிசியின் 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரில் ஹையசிந்த் பக்கெட்டாக நடித்த பட்ரீஷியா ரூட்லெட்ஜ் எழுதியதாக வாட்ஸாப்பில் ஒரு கடிதம் வந்தது. வரும் திங்கட்கிழமை எனக்கு 95 வயது என்று ஆரம்பிக்கிறது. நாற்பது வரை திக்குத் தெரியாமல் இருந்தேன், 46 வயதில் சின்ன வேடம்தானே என்று ஒப்புக்கொண்ட தொடர் வாழ்க்கையை மாற்றிவிட்டது என்கிறார். இது உண்மையா? அந்த ஒரு தொடரைத் தவிர அவர் வேறு என்ன செய்திருக்கிறார்?"

கடிதத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் கணக்கே இடிக்கிறது. ரூட்லெட்ஜ் பிறந்தது 1929 பிப்ரவரி 17. அவருக்கு 95 நிறைந்த 2024 பிப்ரவரி 17 ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமையில் வந்தது அடுத்த ஆண்டுப் பிறந்தநாள், அப்போது வயது 96. தன் வயதை ஒருவர் தவறாகச் சொல்லலாம், சரி. ஆனால் 46 வயது? அது 1975. தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது 1990 அக்டோபர் 29. அன்றைக்கு அவருக்கு 61. பதினைந்து ஆண்டுகளை அவரே மறந்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. யாரோ உருக்கமாக எழுதி, தெரிந்த முகம் ஒன்றை மேலே ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

தேதிகளைவிட எனக்கு உறுத்துவது அந்தக் கடிதம் சொல்லும் கதைதான். திக்குத் தெரியாமல் கிடந்த பெண், ஒரு நாள் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது, வாழ்க்கை மாறியது. காலையில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 1990இல் ஹையசிந்தாக வந்து நின்றபோது ரூட்லெட்ஜின் கையில் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதும், லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருதும் இருந்தன. இரண்டுமே இசை நாடகத்துக்காக வாங்கியவை. தொலைக்காட்சி நேயர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. அவரைக் காது கூசப் பாடும் அம்மாளாகத்தானே அவர்களுக்குத் தெரியும்!

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹையசிந்த் என்பவள் கௌரவப் பைத்தியம். (நடிகையை 'அவர்' என்றும் பாத்திரத்தை 'அவள்' என்றும் எழுதுகிறேன், குழம்ப வேண்டாம்.) கணவன் ரிச்சர்ட் உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாது. அவன் குடும்பப் பெயர் பக்கெட். ஆமாம், குளியலறையில் இருக்கும் அதே பக்கெட்தான். அவளோ அதைப் 'பொக்கே' என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஊரெல்லாம் திருத்திக்கொண்டு திரிகிறாள். இந்த நகைச்சுவைக்குத் தமிழில் விளக்கமே தேவையில்லை. பக்கெட்டும் நம் வீட்டுச் சொல், கல்யாண மேடையில் நீட்டும் பொக்கேயும் நம் வீட்டுச் சொல்.

அவளுக்கு மூன்று சகோதரிகள்: டெய்சி, ரோஸ், வயலட். நால்வர் பெயரும் பூப்பெயர். வயலட் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள், அதனால் அவளுடைய மெர்சிடிஸ் காரும் மட்டக்குதிரை கட்ட இருக்கும் இடமும் வாய்க்கு வாய் வரும். டெய்சி வீடு வேறு மாதிரி. அவள் கணவன் ஆன்ஸ்லோ பனியனும் பீருமாகத் தொலைக்காட்சி முன் கிடப்பவன், வாசலில் ஓட்டை உடைசல் கார், அதற்குள் ஒரு நாய். ஹையசிந்த் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அது குரைக்கும், இவள் துள்ளி விழுவாள். எந்த உறவை ஊருக்குக் காட்டுவது, எதை மறைப்பது என்பதுதான் ஐந்து ஆண்டுக் கதையும். 1990 முதல் 1995 கிறிஸ்துமஸ் வரை 44 பகுதிகள். எழுதியவர் ராய் கிளார்க், தயாரித்து இயக்கியவர் ஹெரால்ட் ஸ்நோட். வெளிப்புறக் காட்சிகளில் ஹையசிந்தின் வீடு கோவென்ட்ரியை ஒட்டிய பின்லி உட்ஸில் இருந்தது, ஆன்ஸ்லோவின் வீடு கோவென்ட்ரிக்குள்ளேயே ஸ்டோக் ஆல்டர்மூரில். கதையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், நிஜத்தில் காரில் சிறிது நேரம்.

இனி அவருடைய பழைய கதை. லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறு கரையில் இருக்கும் பர்கன்ஹெட்தான் சொந்த ஊர். அப்பா ஆண்களுக்கான துணிமணிக் கடை வைத்திருந்தவர். கடைக்காரர் வீட்டுப் பெண் என்பதை ஓரமாகக் குறித்து வையுங்கள். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் ஒன்று, உள்ளே போனதும் பேசும் குரல் வேறொன்று என்பதைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்திருப்பார் என்பது என் ஊகம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயிற்சி. 1952இல் லிவர்பூல் பிளேஹவுஸில் மேடையேறினார். ஷேக்ஸ்பியரின் 'மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் ஹிப்பொலிட்டா வேடம்.

ஐம்பதுகளும் அறுபதுகளும் மேடை, அதிலும் பாட்டுள்ள மேடை. அவர் வெறுமனே பாடத் தெரிந்த நடிகை இல்லை, முறையாகக் குரல் பயின்றவர். 1961இல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் சிற்றுண்டிக் கடைக்காரியாகச் சில பகுதிகள், 1967இல் சிட்னி பாய்ட்டியே ஆசிரியராக நடித்த 'டு சர், வித் லவ்' படத்தில் சக ஆசிரியை என்று சின்னச் சின்ன வேடங்களும் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆசிரியர் அறையில் இவரைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

1968இல் நியூயார்க். 'டார்லிங் ஆஃப் தி டே' என்ற இசை நாடகம், இசை ஜூல் ஸ்டைன், கதாநாயகன் வின்சென்ட் ப்ரைஸ். நாடகம் ஊற்றிக்கொண்டது. ஒரு மாதம்கூட ஓடவில்லை. ஆனால் அந்த ஆண்டின் சிறந்த இசை நாடக நடிகைக்கான டோனி விருது ரூட்லெட்ஜுக்கு வந்தது, லெஸ்லி அக்கம்ஸோடு பகிர்ந்துகொண்டார். ஓடாத நாடகத்தில் நடித்தவரைத் தேடிப்பிடித்து விருது கொடுத்தார்கள் என்றால் மேடையில் என்ன செய்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எட்டு ஆண்டு கழித்து அதைவிடப் பெரிய விபத்து. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை, ஆலன் ஜே லெர்னர் பாடல்கள், வெள்ளை மாளிகையின் வரலாறு, பெயர் '1600 பென்சில்வேனியா அவென்யூ'. 1976 மே மாதம் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு வந்து ஏழே காட்சிகளில் மூட்டை கட்டியது. அதில் அதிபர்களின் மனைவிமார் அத்தனை பேரும் ரூட்லெட்ஜ்தான். 'டூயட் ஃபார் ஒன்' என்று ஒரு பாட்டு, அதாவது ஒரே ஆள் பாடும் இருவர் பாட்டு. புது அதிபர் பதவியேற்கும் நாள். பதவியிழந்து வெளியேறும் ஜூலியா கிரான்ட்டும், உள்ளே நுழையும் லூசி ஹேஸும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு பாடுகிறார்கள். இரண்டு பேரும் இவரே. ஒரு வரி வயிற்றெரிச்சல் கிழவியின் கரகரப்பு, அடுத்த வரி புதுப் பெருமையில் மிதக்கும் பெண்ணின் உச்சக்குரல். தலையைத் திருப்பும் நேரத்தில் ஆளே மாற வேண்டும். நாடகம் மறைந்துபோனாலும் இந்தப் பாட்டை இசை நாடகப் பிரியர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

கவனியுங்கள், வாட்ஸாப் கடிதம் இவரை 'திக்குத் தெரியாமல்' நிறுத்தி வைத்திருப்பது இந்த ஆண்டுகளில்தான்.

எண்பதுகளில் மூன்று காரியங்கள் நடந்தன. ஹையசிந்த் உருவானது அங்கேதான் என்பது என் கட்சி.

முதலாவது, நாடகாசிரியர் ஆலன் பென்னட். 1982இல் பிபிசிக்காக அவர் எழுதிய 'எ வுமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்'. பெக்கி ஸ்கோஃபீல்டு என்ற அலுவலகக்காரி கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள், அவ்வளவுதான் நாடகம். கேன்டீனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் யாருக்கு இடம் பிடித்து வைத்தார்கள் என்று ஒன்றுமில்லாத பேச்சு. அவள் இல்லாவிட்டால் அலுவலகமே நின்றுவிடும் என்று அவளுக்கு நினைப்பு. பிறகு உடம்புக்கு வருகிறது, ஆஸ்பத்திரி, அங்கேயும் அதே பேச்சு. அவள் சாகப்போகிறாள் என்பது அவள் வாயாலேயே நமக்குத் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரிவதில்லை. எதிரில் இன்னொரு நடிகர் இல்லை, வெட்டித் தாவ வேறு காட்சி இல்லை.

1988இல் பென்னட்டின் 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்'. இந்த முறை ஐரீன் ரடக் என்ற தனிக்கட்டை. எதற்கெடுத்தாலும் புகார்க் கடிதம் எழுதுபவள். எதிர்வீட்டுத் தம்பதி பிள்ளையைக் கவனிப்பதில்லை, இரவில் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்று ஜன்னல் திரை வழியாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். உண்மையில் அந்தப் பிள்ளை ரத்தப் புற்றுநோயில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, பெற்றோர் போய்வந்ததெல்லாம் அங்கே. இது தெரியவரும் இடத்தில் ரூட்லெட்ஜ் அழுவதில்லை, முகத்தைச் சுளிப்பதும் இல்லை. பேச்சின் நடுவில் ஒரு சின்ன இடறல், பிறகு தன் பக்க நியாயத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார். சிரித்துக்கொண்டிருந்த நமக்கு வாய் மூடிவிடும். கடைசியில் அவள் ஜெயிலுக்குப் போகிறாள், அங்கேதான் வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தோஷமாக இருக்கிறாள். ஊரை ஜன்னலுக்கு உள்ளிருந்து எடைபோடுகிற, தான் மட்டும் ஒழுங்கு என்று நினைக்கிற பெண். அவளுக்குக் கொஞ்சம் பணமும் ஒரு கணவனும் நல்ல பீங்கான் கோப்பைகளும் கொடுத்துப் பாருங்கள், ஹையசிந்த் கிடைப்பாள்.

இரண்டாவது, நகைச்சுவை எழுத்தாளரும் நடிகையுமான விக்டோரியா உட். 1985இல் வந்த அவருடைய 'ஆஸ் சீன் ஆன் டிவி' நிகழ்ச்சியில், மான்செஸ்டர் பக்கத்து ஊரான சீடிலிலிருந்து வரும் கிட்டி என்ற பெண்ணாக ரூட்லெட்ஜ் தோன்றுவார். அதுவும் தனிப்பேச்சுதான். எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லும் அம்மாள், கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுவாள். பென்னட் எழுத்தில் சோகம் அடியில் ஓடும், உட்டின் எழுத்தில் சொல்லுக்குச் சொல் தாளம் இருக்கும். ஒரு அசை கூடினாலும் சிரிப்பு வராது. பாட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தது நல்ல தேர்வு.

மூன்றாவது, 1988இல் லண்டன் ஓல்ட் விக் மேடையில் 'கேண்டிட்'. மறுபடியும் பெர்ன்ஸ்டைன் இசை. கிழவி வேடத்தில் பாடி ஒலிவியே விருது வாங்கினார். நடுவில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஆன்டனி ஷெர் மூன்றாம் ரிச்சர்டாக நடித்த நாடகத்தில் சாபம் கொடுக்கும் மார்கரெட் ராணியாகவும் நின்றிருக்கிறார். தனிப்பேச்சு, தாளம், குரல், கூடவே ராணி கம்பீரம். 1990க்குள் சமையலுக்கான அத்தனையும் அடுப்பங்கரையில் தயார்.

இப்போது தொடருக்குத் திரும்பி இரண்டு காட்சிகளைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒன்று, தொலைபேசி. வெள்ளை நிற மெல்லிய ரிசீவர், அதைப் பற்றியே அவளுக்கு ஒரு பெருமை. மணி அடிக்கிறது. தோளை நிமிர்த்தி, கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்து, குரலை ஒரு படி மேலே ஏற்றி, 'பொக்கே இல்லம், இல்லத்தரசி பேசுகிறேன்' என்கிறாள். மறுமுனையில் யாரோ சீனச் சாப்பாடு ஆர்டர் செய்கிறார்கள். அந்த ஊர்ச் சீனச் சாப்பாட்டுக் கடையின் எண்ணும் இவள் எண்ணும் குழம்பிப்போவது தொடர் முழுக்க வரும் வேடிக்கை. இல்லாவிட்டால் கல்லூரியில் படிக்கும் மகன் ஷெரிடன் பணம் கேட்கிறான். இந்த மகனை நாம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அவன் குரல்கூடக் கேட்பதில்லை. அவன் பேசுவது முழுவதும் ரூட்லெட்ஜின் மௌனத்தில் இருக்கிறது. முகம் மலர்கிறது, ஒரு நிமிடம் தயங்குகிறது, கண் ரிச்சர்டின் பக்கம் போகிறது, 'எவ்வளவு, கண்ணு?' என்ற கேள்வி வருவதற்கு முன்பே ரிச்சர்டின் பர்ஸ் காலி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மகன் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பவர் எல்லாருக்கும் புரிந்துவிட்ட பிறகும் அம்மாவுக்கு மட்டும் புரிவதில்லை. இது பென்னட்டின் தனிப்பேச்சு அல்லாமல் வேறென்ன? ஒரு ரிசீவரைக் கையில் கொடுத்து, மக்கள் சிரிப்புக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள்.

மக்கள் சிரிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து பிபிசி சிரிப்புத் தொடர்களில் தெருக்காட்சிகளை முதலில் வெளியே படமாக்கிவிடுவார்கள். வீட்டுக்குள் நடப்பவற்றை, சில நாள் ஒத்திகைக்குப் பிறகு, ஒரு மாலையில் ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்காரவைத்து நடிப்பார்கள். வெளிக்காட்சிகளை அவர்களுக்குத் திரையில் போட்டுக்காட்டுவார்கள். ஆக நடிகர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு நடிக்க வேண்டும்: எதிரே நாற்காலியில் இருக்கும் கூட்டத்துக்கு மேடை அளவில், பக்கத்தில் நிற்கும் கேமராவுக்கு வரவேற்பறை அளவில். சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முந்தினால் வசனம் அமுங்கிவிடும், பிந்தினால் காட்சி தளர்ந்துவிடும். நாற்பதாண்டு மேடை என்பது இதற்குத்தான் உதவும்.

அவளோடு மாட்டிக்கொண்டவர்களும் சாமானியர்கள் இல்லை. ரிச்சர்டாக வந்த க்ளைவ் ஸ்விஃப்ட் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காரர். அவர் பெருமூச்சு விடுவதற்கே ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. பக்கத்து வீட்டு எலிசபெத்தாக ஜோசஃபின் டூசன். காபி குடிக்கக் கூப்பிட்டால் பயத்திலேயே அவள் கை நடுங்கும், கோப்பையும் தட்டும் கடகடவென்று பேசும், ஹையசிந்தின் கண் எலிசபெத்தின் முகத்தில் இருக்காது, கோப்பையில் இருக்கும். அன்பாகப் பேசிக்கொண்டே, விலை உயர்ந்த ராயல் டோல்டன் பீங்கானைக் காவல் காக்கும் அந்தப் பார்வை! ரோஸாக இரண்டாவது சீசனிலிருந்து வந்த மேரி மில்லர், லண்டனில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' முதலில் அரங்கேறியபோது மேடம் ஜிரியாகப் பாடியவர். ஆன்ஸ்லோவாக வந்த ஜெஃப்ரி ஹியூஸ் பர்கன்ஹெட்டுக்கு அடுத்த ஊரான வாலசிக்காரர். ஒரே ஆற்றங்கரையில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் மேலே ஏறத் துடிக்கிறார், இன்னொருவர் கட்டிலைவிட்டு இறங்கவே மறுக்கிறார்.

இரண்டாவது காட்சி, பாட்டு. எலிசபெத்தின் தம்பி எம்மெட் இசைக்காரன், ஊரில் இசை நாடகம் போடுபவன். அவனிடம் எப்படியாவது வேடம் வாங்கிவிட வேண்டும் என்று ஹையசிந்த் அவனைக் கண்ட இடத்தில் பாட ஆரம்பித்துவிடுவாள். பாவம், அவன் கதவை விரல் அகலம் திறந்து தெருவில் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் காருக்கு ஓடுவான். அதற்குள் எங்கிருந்தோ அந்தக் குரல் எழும்பும்.

இங்கேதான் ரூட்லெட்ஜின் கெட்டிக்காரத்தனத்தை நான் முழுசாக உணர்ந்தேன். பாடத் தெரியாதவர் அபஸ்வரமாகப் பாடினால் அது வெறும் சத்தம், ஒரு நிமிடத்தில் எரிச்சல் வந்துவிடும். ஹையசிந்தின் பாட்டில் எரிச்சல் வருவதில்லை, சிரிப்பு வருகிறது. காரணம், அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறாள். மூச்சை நிறைய எடுக்கிறாள், மார்பை நிமிர்த்துகிறாள், கை ஒரு பக்கம் விரிகிறது, ஸ்வரத்தின் மேல் தயக்கமே இல்லாமல் பாய்கிறாள். போய் இறங்கும் இடம் மட்டும் ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. அங்கேயே நின்று, நடுக்கத்தை அகலமாக்கி, தேவைக்கு மேல் இழுக்கிறாள். எங்கே இறங்க வேண்டும் என்று காதுக்குத் துல்லியமாகத் தெரிந்தவரால்தான் அந்த மயிரிழையை ஒவ்வொரு முறையும் அளந்து தவற முடியும்.

இதோடு இன்னொரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். 1992 டிசம்பரில் லண்டன் நேஷனல் தியேட்டரில் 'கேரசல்' இசை நாடகம், இயக்கம் நிக்கலஸ் ஹைட்னர். அதில் நெட்டி வேடம் ரூட்லெட்ஜுக்கு. 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டைப் பாடுவது அந்தப் பாத்திரம்தான். லிவர்பூல் கால்பந்து அணியின் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் அதே பாட்டு. மெர்சிக் கரைப் பெண் ஒருத்தி அதை முழுக் குரலில் மேடையில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டில் பாதிப் பேருக்கு அவர் பாட்டென்றால் எம்மெட் ஓடி ஒளியும் பாட்டு.

குரலில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஹையசிந்தின் உயர்குடி உச்சரிப்பு பூசிய சுண்ணாம்பு மாதிரி. கோபமோ பதற்றமோ வந்தால் அது பெயரும், அடியில் இருக்கும் வடக்கத்திப் பேச்சு எட்டிப்பார்க்கும். மறுபடி அவசரமாகப் பூசிக்கொள்வாள். டெய்சியும் ரோஸும் பேசுவதைக் கேட்டால் இவள் எங்கிருந்து கிளம்பினாள் என்று தெரியும். இந்தப் பாத்திரத்தை மனிதர்கள் வெறுக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவள் பணக்காரி அல்ல, கீழே விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிறவள்.

நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே ரூட்லெட்ஜ் போதும் என்றார். பிபிசிக்கு மனமில்லை. எழுத்தில் பழைய சங்கதிகளே திரும்ப வர ஆரம்பித்துவிட்டன என்பது பின்னாளில் அவர் சொன்ன காரணம். காலம் முழுக்கத் திருமதி பக்கெட்டாகவே நினைவில் நிற்க அவருக்கு விருப்பமில்லை என்று க்ளைவ் ஸ்விஃப்ட் சொல்லியிருக்கிறார். இதில் அவர் தோற்றுப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும். பிபிசி வெளிநாடுகளுக்கு மிக அதிகமாக விற்ற நிகழ்ச்சிகளின் வரிசையில் இந்தத் தொடர் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது. கௌரவம் பார்க்கும் சித்தியோ அத்தையோ இல்லாத நாடு உலகத்தில் ஏது? 2016இல் ஹையசிந்தின் இளமைக்காலம் என்று ராய் கிளார்க்கே ஒரு தனிப்பகுதி எழுதினார், வேறு நடிகை நடித்தார். நான் பார்த்தேன், மோசமில்லை, ஆனால் ஒரிஜினலைத் தேடவைத்தது.

தொடர் முடிந்த கையோடு 1996இல் 'ஹெட்டி வெய்ன்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்'. லங்காஷயரில் அறுபது வயதான இல்லத்தரசி துப்பறிவாளராகிறாள். சீருடை, துப்பாக்கி எதுவும் இல்லை, அக்கம்பக்கத்து விவரமும் பொது அறிவும்தான் முதலீடு. ஹையசிந்த் மறைக்க நினைத்த அதே வடக்கத்திப் பேச்சை இந்த அம்மாள் பெருமையாகப் பேசுவாள். உதவிக்கு வரும் பையன் டொமினிக் மோனஹன், பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் மெர்ரியாக வந்தவர். 1998 வரை நான்கு சீசன்கள். அதே 1998இல் பென்னட்டின் இரண்டாவது 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் 'மிஸ் ஃபோசார்ட்' என்ற கடைப் பணிப்பெண்ணாக மறுபடி தனியாகக் கேமரா முன் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பெரும்பாலும் மேடை. ஆஸ்கர் வைல்டின் லேடி பிராக்னெல் போன்ற பெரிய பேச்சுக்காரிகள். போர்க்காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மதியக் கச்சேரிகள் நடத்திய பியானோ கலைஞர் மைரா ஹெஸ்ஸைப் பற்றிய 'அட்மிஷன்: ஒன் ஷில்லிங்' நிகழ்ச்சியைப் பியானோ கலைஞர் பியர்ஸ் லேனோடு சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். தன் இசை நாடக வாழ்க்கையைப் பற்றி மேடையில் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சி ஒன்றும் செய்தார், பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டி. அந்த அரங்குகளுக்கு ஹையசிந்தைப் பார்க்க வந்து, அந்தக் குரலைக் கேட்டு வாயடைத்துப்போனவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

பிரிட்டிஷ் அரச கௌரவங்களில் 1993இல் ஓபிஇ, 2004இல் சிபிஇ, 2017இல் டேம் பட்டம். ஹையசிந்தாக இருந்தால் அந்தப் பட்டத்தை அஞ்சல்காரரில் தொடங்கி எல்லாரிடமும் சொல்லியிருப்பாள். ரூட்லெட்ஜ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சசெக்ஸ் பக்கம் சிச்செஸ்டரில் வாழ்ந்து, 2025 அக்டோபர் 3 அன்று 96 வயதில் காலமானார். வானொலியில் 'லேடீஸ் ஆஃப் லெட்டர்ஸ்' என்று ஒரு தொடர் உண்டு, இரண்டு வயதான பெண்கள் கடிதத்திலேயே ஒருவரையொருவர் குத்திக்கொள்வார்கள். அதில் இவருக்கு இணை ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ், 'ஃபால்டி டவர்ஸ்' தொடரின் சிபில். அதே அக்டோபர் 27இல் அவரும் போய்விட்டார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நேரே ஹையசிந்துக்குப் போகாதீர்கள். முதலில் 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்' பாருங்கள். அடுத்து 'டூயட் ஃபார் ஒன்' ஒலிப்பதிவு கிடைத்தால் கேளுங்கள். அதன்பின் தொடரில் ஷெரிடன் கூப்பிடும் பகுதி எதையாவது எடுத்துக்கொண்டு, வசனத்தை விட்டுவிட்டு, அவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் இடங்களை மட்டும் பாருங்கள்.